முதலில் கோட்டைத் தொட்டவர் ஐந்தாம் இடம்: வேகப் படகில் கலப்புப் பந்தயத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பாய் பிடிக்க நான் கற்றது பழவேற்காட்டு ஏரியில், சித்தப்பாவின் தோணியில். "காத்து வர்றதுக்கு முன்னாடி தண்ணி சொல்லும்டா. அங்க கறுப்பா ஒரு திட்டு ஓடி வருது பாரு, அது நம்மள தொடுறதுக்குள்ள கயித்த இளக்கு" என்பார். அந்தப் பாடத்தோடுதான் பல வருடம் கழித்து சென்னைத் துறைமுகத்தில் ட்வென்டிநைனர் என்கிற வேகப் பாய்மரப் படகில் ஏறினேன். முதல் பந்தயத்தில் எல்லோருக்கும் முன்னால் முடிவுக்கோட்டைக் கடந்தோம். அடுத்த படகு வந்து சேர எட்டு நிமிடம் ஆனது. சாயங்காலம் ஒட்டிய தாளில் எங்கள் பெயர் ஐந்தாவதாக இருந்தது.

அந்த எட்டு நிமிடம் ஏன் போதவில்லை என்று யாராவது முன்பே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். பழவேற்காடு, பொன்னேரி, ஆரம்பாக்கம், எல்லைக்கு அந்தப் பக்கம் தடா, சூலூர்ப்பேட்டை என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்கு வரத் தொடங்கினால் அவர்களுக்கு அந்த வருடம் வீணாகக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கணக்கு முதலில்

கலப்புப் பந்தயம் என்றால் பல வகைப் படகுகள் ஒரே கோட்டிலிருந்து ஒன்றாகக் கிளம்புவது. சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட், ஒற்றை ஆள் ஓட்டும் ஐ.எல்.சி.ஏ. (பழைய பெயர் லேசர்), இருவர் ஓட்டும் என்டர்பிரைஸ், நம் ட்வென்டிநைனர் எல்லாம் ஒரே தண்ணீரில் இருக்கும். யார் முதலில் வந்தார் என்று மட்டும் பார்த்தால் வேகப் படகு வைத்திருப்பவரே எப்போதும் ஜெயிப்பார். அதனால் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. இங்கிலாந்தில் உருவான போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் முறையில் எண் சிறியதாக இருந்தால் படகு வேகமானது என்று பொருள். கிளப்புகளிலிருந்து வரும் பந்தய முடிவுகளை வைத்து இந்த எண்களை அவ்வப்போது திருத்துகிறார்கள். உங்கள் பந்தயத்துக்கு எந்தப் பட்டியல் என்பதை அன்றைய பந்தய அறிவிப்பில் பாருங்கள்.

இது நம் ஏரிக்காரர்களுக்குப் புதிய யோசனை அல்ல. பழவேற்காட்டில் இறால் பிடிக்கும் இடங்கள் எல்லாம் ஒரே விளைச்சல் தருவதில்லை. அதனால்தான் பாடு முறையில் சீட்டுப் போட்டு, முறை வைத்து இடம் மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே இடத்தைப் பங்கு போடுகிறோம், இங்கே நேரத்தை.

கணக்கு எளிது. எடுத்துக்கொண்ட நேரத்தை விநாடியாக்கி, 1000-ஆல் பெருக்கி, படகின் எண்ணால் வகுக்க வேண்டும். வருவது திருத்திய நேரம். அது யாருக்குக் குறைவோ அவர் முதலிடம்.

எண்களை முழு எண்களாக வைத்துக்கொள்வோம்: ட்வென்டிநைனர் 900, ஐ.எல்.சி.ஏ.வில் பெரிய பாய் கொண்ட ஐ.எல்.சி.ஏ. 7-க்கு 1100, என்டர்பிரைஸ் 1120, ஆப்டிமிஸ்ட் 1640. உண்மையான எண்கள் இவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும். ஐ.எல்.சி.ஏ. 55 நிமிடத்தில், அதாவது 3300 விநாடியில் முடித்தால் திருத்திய நேரம் 3000. என்டர்பிரைஸ் 56 நிமிடத்தில் வந்தால் அதற்கும் 3000. நீங்கள் 3000 எடுக்க வேண்டுமானால் 2700 விநாடி, சரியாக 45 நிமிடம். ஐ.எல்.சி.ஏ.வை விடப் பத்து நிமிடம் முன்னால் வந்தால்தான் சமன். எட்டு நிமிடம் முன்னால் வந்த எங்களுக்கு என்ன ஆனது என்று இப்போது புரிந்திருக்கும்.

இன்னொரு விஷயம் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் வீணாக்கும் ஒரு விநாடி தாளில் 1.11 விநாடியாக ஏறும். ஆப்டிமிஸ்ட் பிள்ளை வீணாக்கும் ஒரு விநாடி 0.61 மட்டுமே. ஒருமுறை கவிழ்ந்து நிமிர்த்த 90 விநாடி ஆனால் உங்களுக்கு 100 விநாடி போகிறது. வேகப் படகுக்காரர் தோற்பது பெரும்பாலும் மெதுவாக ஓட்டியதால் அல்ல, நின்றதால். கவிழ்வது, பாய் சிக்குவது, குறியிடத்தில், அதாவது சுற்றித் திரும்ப வேண்டிய மிதவையருகே, நெரிசலில் மாட்டுவது, அடுத்தவர் காற்றில் முடங்குவது எல்லாம் நிற்பதுதான். இனி சொல்லப்போவது எல்லாம் நிற்காமல் இருப்பதற்கான வழிகள்.

சில பந்தயங்களில் சிறிய படகுகளை முன்கூட்டியே முடித்துவைத்து, சராசரிச் சுற்றுக் கணக்குப் போடுவார்கள். ஆப்டிமிஸ்ட் 41 நிமிடத்தில் 2 சுற்று முடித்தது, நீங்கள் 45 நிமிடத்தில் 4 சுற்று முடித்தீர்கள் என்றால், அதன் 2460 விநாடியை இரட்டித்து 4920 ஆக்கி, 1640-ஆல் வகுப்பார்கள். வருவது 3000. நீங்களும் அந்தப் பிள்ளையும் சமம். அதனால் சிறிய படகு சீக்கிரம் கரையேறிவிட்டதே என்று அலட்சியமாக இருக்காதீர்கள்.

படகை அறிந்துகொள்வது

ட்வென்டிநைனரை வடிவமைத்தவர் ஆஸ்திரேலியர் ஜூலியன் பெத்வெய்ட். நீளம் சுமார் 4.4 மீட்டர், இருவர் தூக்கிவிடும் எடை. ஒலிம்பிக்கில் ஓடும் ஃபார்ட்டிநைனருக்கு இது தம்பி. அந்தப் பெரிய படகில்தான் சென்னையில் பழகிய கே.சி. கணபதியும் வருண் தாக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கி, பிறகு டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார்கள். அதே 2018-இல் வர்ஷா கௌதம், ஸ்வேதா ஷெர்வேகர் ஜோடி பெண்கள் ஓட்டும் ஃபார்ட்டிநைனர் எஃப்.எக்ஸ். படகில் வெள்ளி வாங்கியது. நம்மிடமிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் நடக்கிற விளையாட்டு இது, எங்கோ வெளிநாட்டு விஷயம் அல்ல.

படகில் இருவர்: சுக்கான் பிடிப்பவர் ஸ்கிப்பர், இடுப்புப் பட்டையைக் கம்பியில் மாட்டி வெளியே தொங்குபவர் குரூ. முன்பாய் தானாகவே பக்கம் மாறிக்கொள்ளும். காற்றுக்கு எதிரே போகும்போது பெரிய பாயின் கயிறு பெரும்பாலும் குரூ கையில் இருக்கும், அதனால் குரூ வெறும் எடைக்கல் அல்ல, பாதி ஓட்டுநர். காற்றோடு போகும்போது மூக்கிலிருந்து நீளும் கழியில் ஸ்பின்னேக்கர் என்கிற பெரிய உப்பிய பாய் விரியும். புதிதாக வருபவர் முதல் சில மாதம் குரூவாகப் போவது நல்லது. அனுபவமுள்ள ஸ்கிப்பரோடு போனால் படகு எப்போது மூச்சுவிடுகிறது, எப்போது திணறுகிறது என்று உடம்பே கற்றுக்கொள்ளும்.

எங்கே பழகுவது? நம் ஏரியில் வேண்டாம். ஆழம் போதாது, படகுக்கு அடியில் இறங்கும் நடுப்பலகை தரை தட்டும், எங்கும் வலை நிற்கும். மேலும் அது இரண்டு மாநிலத்திலும் பறவைகள் சரணாலயம். பூநாரை இறங்கும் தண்ணீரில் வேகப் படகை ஓட்ட நமக்கு உரிமை இல்லை. சென்னைத் துறைமுகத்துக்குள் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கிறது. சூலூர்ப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ புறநகர் ரயில் ஏறி பீச் நிலையத்தில் இறங்கினால் எதிரே துறைமுகம். உள்ளே போக என்ன அனுமதி வேண்டும் என்று முந்தின வாரமே கேட்டு வையுங்கள், அடையாள அட்டை கையோடு இருக்கட்டும்.

கவிழ்ந்து நிமிர்வது

இதைப் பந்தயத்துக்கு முன் குறைந்தது இருபது தடவை பழகுங்கள். முதல் வேலை படகைப் பார்ப்பது அல்ல, ஆளைப் பார்ப்பது. குரூவின் கொக்கி கம்பியிலிருந்து விடுபட்டதா, பாய்க்கு அடியில் யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வாங்குங்கள். ஒருவர் உடனே நடுப்பலகைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் படகு சில நொடியில் தலைகுப்புறப் போய்விடும். மற்றவர் கயிறுகளை விட்டு, ஸ்பின்னேக்கர் விரிந்திருந்தால் அதை உள்ளே இழுக்க வேண்டும். ஈரப் பாய் வெளியே கிடக்கும்போது நிமிர்த்தினால் மறுபக்கம் கவிழும். அணியம், அதாவது படகின் மூக்கு, காற்றைப் பார்த்துத் திரும்பிய பிறகு நடுப்பலகை மேல் எடையைப் போடுங்கள். லைஃப் ஜாக்கெட் கரையிலேயே இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். கடலில் பிறந்து வளர்ந்தவன், எனக்கு எதற்கு என்று நம் ஊர்ப் பையன்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாயின் அடிக்கழி தலையில் பட்டு மயங்கியவனுக்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்?

அன்றைய காற்றைப் படிப்பது

பங்குனி, சித்திரையில் கடற்காற்று மதியத்தை ஒட்டி கிழக்கிலிருந்து எழும். நேரம் ஆக ஆகத் தெற்குப் பக்கம் சாய்ந்து தென்கிழக்காகும். காற்றுக்கு எதிரே கிழக்கு நோக்கிப் போகிறீர்கள் என்றால் தெற்கு உங்கள் வலக்கை. காற்று வலப்பக்கம் திரும்பும் நாளில் வலப்பக்கம் போனவருக்கே லாபம், அதனால் அந்த மாதங்களில் சந்தேகம் வந்தால் வலப்பக்கம் ஓடுங்கள். ஆனால் கடைசிவரை ஓரத்துக்குப் போய்விடாதீர்கள். வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காலையிலிருந்து நிலத்தின் சூட்டோடு அடிக்கும், கடற்காற்று வரத் தாமதமாகும். இரண்டும் மோதும் இடத்தில் காற்றே இருக்காது. அந்த நேரத்தில் நடத்துபவர்கள் சிவப்பு வெள்ளைப் பட்டைக் கொடியை ஏற்றிப் பந்தயத்தைத் தள்ளிவைப்பார்கள். ஐப்பசிக்கு மேல் வாடை.

துறைமுகத்துக்குள் இன்னொன்று: நங்கூரமிட்ட கப்பலுக்கும் உயர்ந்த சுவருக்கும் கீழ்ப்புறம் காற்று செத்துக் கிடக்கும். அங்கே குறுக்குவழி என்று நுழைந்தால் இரண்டு நிமிடம் போகும். நகரும் கப்பலுக்கு எப்போதும் வெகு தூரத்திலேயே வழி விடுங்கள், பந்தயமே போனாலும் சரி.

காற்று 10, 12 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தைத் தாண்டி அலைத் தலையில் வெள்ளை நுரை தெரிந்தால் அது உங்கள் நாள். படகு தண்ணீரைக் கிழிக்காமல் மேலே வழுக்கி ஓடும், பத்து நிமிட இடைவெளி எளிதில் கிடைக்கும். மெல்லிய காற்றில் எண் மட்டும் அதே 900 ஆக நிற்கும், படகு வழுக்காது. அன்று மூன்றாவதாக வந்தாலும் நல்ல ஓட்டம்தான்.

கிளம்புவது

ஐந்து நிமிடத்தில் எச்சரிக்கைக் கொடி. நான்கில் நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட பி (P) கொடி ஏறும், ஒரு நிமிடத்தில் அது இறங்கும், பூஜ்யத்தில் கிளம்பலாம். முன்கூட்டியே கோட்டைத் தாண்டினால் வெள்ளையில் நீலச் சிலுவை கொண்ட எக்ஸ் கொடி, திரும்பிப் போய் மறுபடி வர வேண்டும்.

எல்லோரும் முதல் நொடியில் கோட்டில் இருக்கத் துடிப்பார்கள். நம் படகுக்கு அது அவ்வளவு முக்கியம் இல்லை. நமக்கு வேண்டியது காற்றுக்குக் கீழ்ப்பக்கம் காலியிடம். இந்தப் படகு அணியத்தைக் கொஞ்சம் இறக்கி வேகம் எடுத்து ஓடும் ஜாதி. இறுக்கி உயர்த்திப் பிடிக்கும் படகுகளுக்கு நடுவே சொருகிக்கொண்டால் மூச்சு முட்டும். ஐந்து விநாடி தாமதமாகக் கிளம்பினால் தாளில் ஐந்தரை விநாடி. நான்கு படகின் கெட்ட காற்றில் மூன்று நிமிடம் ஊர்ந்தால் அதைப் போலப் பல மடங்கு. எனவே கூட்டம் குறைந்த முனையைப் பாருங்கள், கிடைக்காவிட்டால் ஐந்து விநாடி பின்னால் வந்து உடனே திரும்பி வெற்றுத் தண்ணீருக்குப் போய்விடுங்கள்.

மெதுவான படகுகளுக்கு நடுவே

வேகப் படகுக்காரர் அதிகம் இழப்பதும், மற்றவர்களிடம் கெட்ட பெயர் வாங்குவதும் இங்கேதான். நீங்கள் எல்லோரையும் நெருங்குவீர்கள், சிலரைச் சுற்றுக்கு ஒருமுறை தாண்டுவீர்கள். விதிகள் சுருக்கமாக: காற்றை வலப்பக்கம் வாங்கிக்கொண்டு வருபவருக்கு, இடப்பக்கம் வாங்குபவர் வழி விட வேண்டும். இருவரும் ஒரே பக்கம் வாங்கினால் காற்று வரும் பக்கம் இருப்பவர் விலக வேண்டும். பின்னாலிருந்து நெருங்குபவர் விலக வேண்டும். குறியிடத்தைச் சுற்றி மூன்று படகு நீளத்துக்கு ஒரு வட்டம் உண்டு, குறியிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படகின் நீளம்தான் கணக்கு. எனவே ஆப்டிமிஸ்ட் முன்னால் இருந்தால் வட்டம் ஏழு மீட்டர், நீங்கள் முன்னால் என்றால் பதின்மூன்று. விரிந்த ஸ்பின்னேக்கரும் அதன் கழியும் சேர்த்துத்தான் உங்கள் படகு முன்னால் நீள்கிறது. தவறு உங்கள் பக்கம் என்றால் உடனே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், குறியிடத்தைத் தொட்டதற்கு ஒரு சுற்று. விவாதித்துக்கொண்டே ஓடாதீர்கள்.

காற்றோடு போகும் பாதையில் நம் வழியே வேறு. ஐ.எல்.சி.ஏ.வும் ஆப்டிமிஸ்டும் நேராகக் கீழே இறங்கும். நாம் ஸ்பின்னேக்கரோடு குறுக்காகப் பாய்ந்து பாய்ந்து இறங்குவோம், அதனால் அவர்கள் பாதையை ஒவ்வொரு முறையும் வெட்டுவோம். பாய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஸ்கிப்பருக்குத் தெரியாது. குரூ சில நொடிக்கு ஒருமுறை குனிந்து பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும்: "இடப்பக்கம் ஆப்டி, பத்து நீளம்." எந்தப் பக்கம் தாண்டப் போகிறோம் என்பதைப் பத்துப் படகு நீளம் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். காற்று வரும் பக்கமாகத் தாண்டினால் அவர்கள் மேலே ஏறித் தடுக்கலாம், அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. கீழ்ப்பக்கமாகப் போனால் அவர்களுடைய காற்று நிழலில் விழுவீர்கள், அதனால் நன்றாகத் தள்ளிப் போங்கள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு சின்னப் பிள்ளையின் படகுக்கு மேல்காற்றில் உரசிக்கொண்டு போய் அதன் பாயைச் சாகடிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் அதே தாளில் ஒரு வரி இருக்கிறது.

காற்றுக்கு எதிரே போகும்போது திருப்பங்களைக் குறையுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியிலிருந்து உள்ளே வந்து, மறுபக்கம் மாட்டி, மறுபடி வேகம் எடுக்க நேரம் ஆகும். கனமான படகு தன் வேகத்தைச் சுமந்துகொண்டே திரும்பிவிடும், நம்முடையது எடை இல்லாததால் சட்டென்று நிற்கும். ஒரு ஐ.எல்.சி.ஏ. உங்களைத் தொடர்ந்து மறித்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அதை ஜெயிக்க வேண்டியது அந்த இடத்தில் இல்லை.

கரைக்கு வந்த பிறகு

கோட்டைக் கடந்த நேரத்தைக் கைக்கடிகாரத்திலிருந்து உடனே ஒரு நோட்டில் எழுதுங்கள். வழக்கமாக நன்றாக ஓட்டும் ஒரு ஐ.எல்.சி.ஏ.காரர் வரும்வரை காத்திருந்து அவர் நேரத்தையும் எழுதுங்கள். கூடவே காற்று எவ்வளவு, எத்தனை தடவை கவிழ்ந்தோம், எங்கே நின்றோம். பத்துப் பந்தயம் எழுதினால் உங்கள் விநாடிகள் எங்கே ஒழுகுகின்றன என்பது தெரிந்துவிடும். என் நோட்டில் முதல் வருடம் முழுக்க ஸ்பின்னேக்கர் இறக்கும் இடத்தில்தான் ஒழுகியிருந்தது. சுற்றுக்கு இருபது விநாடி, நான்கு சுற்றுக்கு எண்பது. இறக்குவதைக் குறியிடத்துக்கு இன்னும் நான்கு நீளம் முன்பே தொடங்கியதும் அது பாதியானது.

பிறகு பின்புறத் திருகைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள், படகையும் கயிறுகளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு காய்ந்தால் கப்பி சிக்கும். யார் மேலாவது புகார் இருந்தால் தண்ணீரிலேயே உரக்க "புரொட்டெஸ்ட்" என்று சொல்லியிருக்க வேண்டும், எழுத்தில் தர நேர வரம்பு இருக்கிறது.

தாள் ஒட்டும்வரை இருங்கள். ஒட்டியதும் உங்கள் நோட்டை எடுத்து, உங்கள் விநாடியை 1000-ஆல் பெருக்கி, 900-ஆல் வகுத்து, அதில் இருக்கும் எண்ணோடு சரிபாருங்கள். எண் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் படகுக்கு வேறு எண்ணைப் போட்டிருக்கலாம், மரியாதையாகக் கேளுங்கள், திருத்தித் தருவார்கள். ஒத்துப்போனால் பீச்சில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடியுங்கள். மீஞ்சூர் தாண்டியதும் கூட்டம் குறையும், அடுத்த வாரத்துக்கு எந்த ஒழுகலை அடைப்பது என்று உட்கார்ந்து யோசிக்க இடம் கிடைக்கும்.